சேர்ந்து சிரித்த சனிக்கிழமைகள்

‘வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். எந்த மொழியில் சிரிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஆகவே பத்தாம் வகுப்பு விடுதி மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு இந்தியில் சிரித்தோம்! அந்தச் சிரிப்பின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். நடுவில் ஓரிடத்தில் எங்கள் சிரிப்பு நின்றுபோனது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை என்றால் எங்களுக்குக் காலையிலேயே கால் தரையில் பாவாது. துணிகளைத் துவைத்து உலர்த்தி, தலைக்குக் குளித்து, செபமாலை முடிந்து, இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓடினால் படிப்பறையின் வெள்ளைச் சுவர் எங்களுக்காகக் காத்திருக்கும். அதுதான் எங்கள் திரை. பாய்தான் எங்கள் முதல் வகுப்பு இருக்கை. முன்பெல்லாம் அந்தச் சுவரில் புனிதர்களின் வரலாறும் அறிவியல் படங்களும் மட்டுமே தெரியும். இவ்வாண்டு ஜூன் மாதம் புதிய வார்டன் சிஸ்டர் வந்தார்கள். ஜார்க்கண்டில் பல ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றியவர்கள். கண்டிப்பிலே குறைவில்லை, ஆனால் அவர்களுடைய மடிக்கணினிக்குள் ஒரு சிரிப்புக் களஞ்சியமே இருந்தது!

“தமிழ்ப் படம் நீங்கள் வீட்டிலே பார்ப்பீர்கள். இங்கே இந்திப் படம் பாருங்கள். கீழே ஆங்கிலம் ஓடும். அதைப் படித்தால் ஆங்கிலமும் வளரும்” என்றார்கள் சிஸ்டர். தமிழகத்தில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. எங்கள் பள்ளியிலும் இந்தி பாடமாக இல்லை. எங்களுள் இருவர் மட்டும், காந்தியடிகள் 1918இல் தொடங்கி வைத்த தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் ‘பிராத்மிக்’ தேர்வு எழுதியவர்கள். ‘இது பேனா, அது மேசை’ என்பதுவரை அவர்கள் தயங்காமல் சொல்வார்கள். எந்தக் கதாநாயகனும் பேனாவைப் பற்றிப் பேசாததால் அவர்களாலும் பயனில்லை. ஆகவே இந்தியைக் கேட்டு, ஆங்கிலத்தைப் படித்து, தமிழில் சிரித்தோம்.

எங்களுள் ஒருத்திக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. அவள் மும்பையிலிருந்து வந்தவள். அவளுடைய தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காக அந்நகரம் போனவர். அப்பா தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அந்தப் பகுதியில் நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டி ஊரில் இருந்து படிக்கட்டும் என்று சென்ற ஆண்டு அவளை ஒன்பதாம் வகுப்பில் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்தியும் மராத்தியும் படித்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நம் ‘க’வுக்கு இந்தியில் நான்கு எழுத்துகள் இருக்கின்றனவாம். அதனால் எந்த இடத்தில் வல்லோசை, எந்த இடத்தில் மெல்லோசை என்று தெரியாமல் ‘தங்கம்’ என்பதை ‘தன்க்கம்’ என்பாள். ‘பந்து’ அவள் வாயில் ‘பன்த்து’ ஆகும். பேச்சிலே ‘அரே’யும் ‘அச்சா’வும் தாமாக வந்து விழும்.

நாங்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்தோம். ‘சேட்டு’.

தமிழ்ப் படங்களில் வட்டிக்கடை சேட்டு ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று பேசுவாரல்லவா, அந்தப் பெயர்தான். முதலில் வைத்தது யார் என்று இப்போது கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் ‘நான்’ என்று எழுதாமல் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

இனிப் படங்களுக்கு வருவோம். ஜூன் மாதப் படம் ‘கோல் மால்’ (1979). ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கியது. படத்தொகுப்பாளராக இருந்து இயக்குநரானவர் அவர். எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்ததனால்தானோ என்னவோ, அவர் படத்தில் ஒரு சிரிப்பு ஓய்வதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. மீசைதான் ஓர் ஆண்மகனின் ஒழுக்கத்துக்கு அடையாளம் என்று நம்பும் முதலாளி உத்பல் தத்; வேலைக்காக நல்ல பிள்ளை வேடம் போடும் அமோல் பாலேகர். நாயகன் திருட்டுத்தனமாக ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போய் முதலாளியின் கண்ணில் பட்டுவிடுகிறான். ‘அது நான் இல்லை, மீசையில்லாத என் தம்பி’ என்று ஒரு பொய் சொல்கிறான். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய்!

பத்து நிமிடம் ஆவதற்குள் தூத்துக்குடித் தோழி துள்ளி எழுந்தாள். “ஏட்டி, இது நம்ம ‘தில்லு முல்லு’ல்லா!” ஆம், பாலசந்தர் இயக்கத்தில் 1981இல் ரஜினிகாந்தும் தேங்காய் சீனிவாசனும் நம்மைச் சிரிக்கவைத்தார்களே, அதே கதைதான். ஹாக்கி இங்கே கால்பந்து ஆகியிருந்தது. மீசை மட்டும் மாறவில்லை. கதை தெரிந்துவிட்டதால் அதன்பிறகு எவரும் கீழே ஓடிய ஆங்கிலத்தைப் படிக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். வயிற்றுவலி என்று சொல்லி உடற்பயிற்சி வகுப்புக்கு மட்டம் போடும் எங்கள் குழுத் தோழி ஒருத்தி மட்டும் சற்று அடக்கிச் சிரித்தாள். காரணம் சிஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

அன்று ஒன்றைக் கவனித்தோம். ஒவ்வொரு நகைச்சுவைக்கும் மும்பைத் தோழி எங்களுக்கு ஒரு நொடி முன்னால் சிரித்துவிடுவாள். எழுத்து வரும்வரை நாங்கள் காத்திருக்க, அவள் காதாலேயே சிரித்துவிடுவாள். “சேட்டு சிரிச்சாச்சு, எல்லாரும் சிரிங்கடி” என்று ஒருத்தி சொன்னாள். அதற்கும் எல்லோரும் சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள் என்று அன்று நினைத்துக்கொண்டோம்.

வடக்கே இருந்து ஒரு கதை தெற்கே வந்ததென்றால், தெற்கே இருந்தும் ஒன்று வடக்கே போயிருக்கிறது. ஜூலையில் பார்த்த ‘பியார் கியே ஜா’ (1966), நம் ‘காதலிக்க நேரமில்லை’யின் (1964) இந்தி வடிவம். இரண்டையும் இயக்கியவர் ஸ்ரீதரே. பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் யார்? அதே காட்சியை இந்தியில் மெஹ்மூதும் ஓம்பிரகாஷும் செய்திருக்கிறார்கள். ‘எங்கள் நாகேஷ்தான் உயர்த்தி’ என்று ஒரு கட்சி. ‘மெஹ்மூதும் சளைத்தவரல்லர்’ என்று எதிர்க்கட்சி. விளக்கணைத்த பிறகும் வழக்கு நீண்டது. மறுநாள் பூசைக்கு எழுந்திருக்கும்போதுதான் இரு கட்சிக்கும் தோல்வி என்று தெரிந்தது!

ஆகஸ்டில் ‘சுப்கே சுப்கே’ (1975). இதுவும் ஹிருஷிகேஷ் முகர்ஜி படமே. அதே ஆண்டில் ‘ஷோலே’யில் துப்பாக்கி ஏந்திய தர்மேந்திராவும் அமிதாப் பச்சனும் இதில் பேராசிரியர்கள்! தாவரவியல் பேராசிரியர் தர்மேந்திரா, தம் மனைவியின் அத்தானை ஏமாற்றுவதற்காகக் கார் ஓட்டுநராக வந்து, கலப்பே இல்லாத தூய இந்தியில் பேசித் தீர்க்கிறார். அந்த அத்தானோ தூய மொழியில் பெரும் பற்றுள்ளவர். ஆனால் அவராலேயே அந்தத் தூய்மையைத் தாங்க முடியவில்லை. ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் அமிதாப்போ தாவரவியல் பேராசிரியர் என்று பெயர் சூட்டப்பட்டு, பூவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஒரு பெண்ணுக்குப் பாடம் நடத்த வேண்டியதாகிறது. பூவைப் பற்றிப் படிக்க வேண்டிய இடத்தில் காதல் பூத்துவிடுகிறது.

இந்தப் படத்தில்தான் கீழே ஓடிய ஆங்கிலம் எங்களைக் கைவிட்டது. தூய இந்தியும் பேச்சு இந்தியும் ஆங்கிலத்துக்கு வந்ததும் ஒன்றாகிவிடுகின்றனவே! மும்பைத் தோழி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நாங்கள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் சிஸ்டர் படத்தை நிறுத்தி, “நீயே விளக்கு” என்றார்கள். அவள் எழுந்து நின்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “நம்ம தமிழ் மிஸ் இல்ல, ‘கார்’னு சொன்னா ‘மகிழுந்து’னு திருத்துவாங்க. அந்த மாதிரி ஒரு டிரைவர் பேசினா எப்படி இருக்கும்? அதான்.” படிப்பறை அதிர்ந்தது. எங்கள் தமிழாசிரியை இதைப் படித்தால் எங்களை மன்னிப்பார்களாக!

அதே படத்தில் ஓட்டுநர் அத்தானிடம் ஓர் ஐயம் கேட்கிறார். ஆங்கிலத்தில் டி-ஓ என்றால் ‘டு’ என்று ஒலிக்க, ஜி-ஓ மட்டும் ஏன் அப்படி ஒலிப்பதில்லை என்பது அவர் கேள்வி. ஆங்கிலத்தின் ஒழுங்கின்மையைக் கேட்டு நாங்கள் கைதட்டினோம். அப்போது மும்பைத் தோழி மெல்லச் சொன்னாள்: “உங்க ‘க’வும் அப்படித்தானே? ‘கடல்’ல ஒரு சத்தம், ‘தங்கம்’ல ஒரு சத்தம்.” அது நல்ல கேள்வி என்று இப்போது தெரிகிறது. அன்று, “சேட்டு தமிழையே குறை சொல்லுதா பாரு!” என்று சொல்லிச் சிரித்தோம்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடிந்த களைப்புக்கு மருந்தாக ‘சோட்டி ஸீ பாத்’ (1976) வந்தது. பாசு சாட்டர்ஜி இயக்கியது. அலுவலகம் போகும் சாதாரண மனிதர்களின் காதல் கதை. வாயைத் திறக்கவே அஞ்சும் அமோல் பாலேகர், பேருந்து நிறுத்தத்தில் காணும் வித்யா சின்ஹாவிடம் ஒரு வார்த்தை பேசத் தவிக்கிறார். போட்டிக்கு ஸ்கூட்டரில் வருபவர் அஸ்ரானி. அவர் பாத்திரத்தின் பெயர் நாகேஷ் என்றதும் எங்கள் ‘நாகேஷ் கட்சி’ எழுந்து நின்று கைதட்டியது! தைரியம் கற்றுக்கொள்ளக் கண்டாலாவில் இருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் அசோக் குமாரிடம் நாயகன் போகும் பகுதி சிரிப்புக் குற்றாலம்.

பின்பு ஒரு விவாதமும் நடந்தது. ஒரு பெண்ணை நாள்தோறும் பின்தொடர்ந்து போவது எப்படிக் காதலாகும் என்று எங்களுள் சிலர் கேட்டோம். படத்தில் சிரிப்பாக இருந்தாலும் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் அது சிரிப்பு அல்ல என்று எங்களுக்குத் தெரியும். சிஸ்டர், “இதைக் கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு நூறு மதிப்பெண்” என்றார்கள்.

அந்த இரவு மும்பைத் தோழி சிரிக்கவில்லை. திரையில் சிவப்புப் பேருந்தும் மழை நனைத்த சாலையும் வந்தபோதெல்லாம் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா அவளை மராத்தா மந்திர் திரையரங்குக்கு அழைத்துச் சென்று ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ காட்டிய கதையை அன்று சொன்னாள். 1995இல் வெளியான அந்தப் படம் அதே அரங்கில் ஓடிக்கொண்டேயிருந்து 2014 டிசம்பரில் 1,000 வாரங்களைக் கடந்ததாம்! நாயகியோடு ஓடிப்போக வாய்ப்பிருந்தும், தந்தையின் சம்மதம் இல்லாமல் அழைத்துப் போகமாட்டேன் என்று நாயகன் நிற்கும் கதை. கதையைச் சொல்லி முடித்துவிட்டு அவள் வேறொன்றும் சொன்னாள். காலாண்டில் தமிழில் அவளுக்கு 29. தேர்ச்சிக்கு 35 வேண்டும். அரையாண்டிலும் தவறினால், “திரும்பி வந்துடு, அடுத்த வருஷம் இங்கேயே பார்த்துக்கலாம்” என்று அப்பா தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். ஓராண்டுப் படிப்பு வீணாகும். நாங்கள் ‘அடடா’ என்றோம். ‘அடடா’ என்று சொல்வது எளிது. மறுநாளே மறந்தும்போனோம்.

அக்டோபரில் ‘படோசன்’ (1968) வந்தது. வடக்கே இன்றும் கொண்டாடப்படும் நகைச்சுவைப் படம் என்று கேள்விப்பட்டு நாங்கள்தாம் அதை வற்புறுத்திக் கேட்டோம். சிஸ்டர் சற்றே யோசித்தார்கள். “சரி. பார்த்து முடித்த பிறகு பேசுவோம்” என்று மட்டும் சொன்னார்கள்.

எதிர்வீட்டுப் பெண் சாயிரா பானுவை விரும்புகிறார் சுனில் தத். அவளுக்கோ இசையில் மோகம். சுனில் தத்துக்குப் பாட வராது. ஆகவே நண்பர் கிஷோர் குமார் மறைந்திருந்து பாட, இவர் சன்னலில் நின்று வாயசைக்கிறார். இரவல் குரலில் காதல்! அவளுக்கு இசை கற்பிக்க வருபவர்தான் ‘மாஸ்டர் பிள்ளை’. மெஹ்மூத் ஏற்ற வேடம். குடுமி, வேட்டி, திருநீறு, நம் ஊர்ச் சாயலில் உடைந்து உடைந்து வரும் இந்தி. கிஷோர் குமாருக்கும் மெஹ்மூதுக்கும் பாட்டுப் போட்டி நடக்கிறது. மெஹ்மூதுக்குக் குரல் கொடுத்தவர் மன்னா தே. அப்படிப்பட்ட இசைவாணர் தோற்பதுபோல் பாடியிருக்கிறார் என்று சிஸ்டர் சொன்னார்கள். நாங்கள் புரண்டு புரண்டு சிரித்தோம்.

விளக்குப் போட்டதும் திருச்செந்தூர்த் தோழி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். “அந்தப் பிள்ளை யாரு? நம்மளைத்தானே கேலி பண்ணுதாங்க? தமிழன்னா குடுமியும் ‘ஐயோ’வுந்தானா?” என்றாள். நெருப்புப் பற்றிக்கொண்டது. பத்து நிமிடத்துக்கு முன் புரண்டு சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது கொதித்து எழுந்தோம். “இவ்வளவு கேவலமாகவா நினைக்கிறார்கள்?” “இனி இந்திப் படமே வேண்டாம்!”

அப்போதுதான் மும்பைத் தோழி பேசினாள். அவள் சத்தமாகப் பேசவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“அங்க என் பேரு ‘மதராசி’. நாலாங்கிளாஸ்ல இருந்து. சில பேரு ‘இட்லி’ன்னும் கூப்பிடுவாங்க. இந்தப் படத்துல பேசற மாதிரி பேசிக்காட்டுன்னு என்னைய நிக்க வைப்பாங்க. நானும் பேசிக்காட்டுவேன். சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். ஊருக்குப் போனா நம்ம ஆளுங்க, அங்க யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சு வந்தேன். இங்க என் பேரு ‘சேட்டு’.”

மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. திருச்செந்தூர்த் தோழி தலை குனிந்தாள். நாங்களும்தான். மாஸ்டர் பிள்ளைக்காகக் கொதித்த எங்களுக்கு, தமிழ்ப் படத்துச் சேட்டு யாரோ ஒருவருடைய அப்பா, யாரோ ஒருவருடைய தாத்தா என்று அதுவரை தோன்றவேயில்லை. நம் மொழியைப் பிறர் கொச்சையாகப் பேசிக்காட்டினால் அவமானம். பிறர் மொழியை நாம் பேசிக்காட்டினால் நகைச்சுவை! இது என்ன நியாயம்?

சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் இரண்டு விஷயங்கள் சொன்னார்கள். மாஸ்டர் பிள்ளையாக வந்த மெஹ்மூத், நாகேஷின் பாத்திரங்களை இந்திக்குக் கொண்டு சென்றவர். ‘சர்வர் சுந்தரம்’ (1964) இந்தியில் ‘மைன் சுந்தர் ஹூன்’ (1971) ஆனபோது அந்த ஏழைச் சர்வராக நடித்து அழவைத்தவரும் அவரே. ஆகவே ஒரு வேடத்தைக் கொண்டு ஒரு கலைஞரை எடைபோட வேண்டாம் என்பது ஒன்று. இரண்டாவது இது: “சிரித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் முகத்தைத் திரும்பிப் பாருங்கள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தால் அது நல்ல சிரிப்பு. அவள் சிரிப்பதுபோல் நடிக்கிறாளா என்பதையும் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.”

அன்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம். அவளே, “போங்கடி, தூக்கம் வருது” என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். மன்னிப்பு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. ஒரு வாரம் அவள் எங்களுடன் அதிகம் பேசவில்லை.

வாய்ச்சொல்லால் முடியாததைக் கையால் செய்வோம் என்று முடிவு செய்தோம். இரவுப் படிப்பு நேரத்தில் நாளுக்கு ஒருவராக முறை வைத்து அவளுடன் அமர்ந்து ஒரு பக்கம் தமிழ் படிப்பது என்று ஏற்பாடு. அதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: “நான் தப்பாப் படிச்சா சிரிக்கலாம். ஆனா நான் சிரிச்ச அப்புறந்தான் சிரிக்கணும்.” ‘க’வின் கேள்வியைத் தமிழாசிரியையிடமே கொண்டு போனோம். மெல்லினத்தை அடுத்து வரும்போது வல்லினம் மென்மையாக ஒலிக்கும் என்று அவர்கள் விளக்கினார்கள். பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ் பேசும் எங்களுக்கே அந்த விதி அன்றுதான் தெரியும்! அவள் கேட்டிராவிட்டால் நாங்களும் கேட்டிருக்க மாட்டோம்.

நவம்பர் மாதப் படத்தைச் சிஸ்டர் எண்ணித்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ (2012). ஸ்ரீதேவி, சிவகாசிப் பகுதியில் 1963இல் பிறந்தவர். எங்கள் சிவகாசித் தோழி படம் முழுதும் தலைநிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். ‘துணைவன்’ (1969) படத்தில் குழந்தை முருகனாக வந்த அவர், பின்னாளில் இந்தித் திரையின் பெரும் நட்சத்திரமானார். ஆனால் தொடக்கத்தில் அவருடைய இந்திப் படங்களில் வேறொருவர் குரல் கொடுத்தார்களாம். 1989இல் ‘சாந்தினி’யில்தான் தம் சொந்தக் குரலில் பேசினாராம். இதைக் கேட்டதும் மும்பைத் தோழி, “அப்ப அவங்களும் முதல்ல நம்மள மாதிரிதானா!” என்றாள். 2018இல் அவர் மறைந்தார் என்பது நினைவுக்கு வந்தபோது மனம் கனத்தது.

லட்டு செய்து விற்கும் ஓர் இல்லத்தரசி. ஆங்கிலம் தெரியாததால் கணவனும் மகளும் அவளைக் கேலி செய்கிறார்கள். நியூயார்க்குக்குத் தனியே போனவள் காப்பிக் கடையில் அவமானப்பட்டு, பின் யாருக்கும் தெரியாமல் நான்கு வார ஆங்கில வகுப்பில் சேருகிறாள். பல நாட்டுக்காரர்கள் உடைந்த ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கும் அந்த வகுப்பறைக் காட்சிகளில் ஒருவர் சிரிப்பும் மற்றவரைச் சுடுவதில்லை. இயக்குநர் கௌரி ஷிண்டேவுக்கு இது முதல் படம். ஊறுகாய்த் தொழில் செய்த தம் தாயை நினைத்து எழுதினாராம்.

தன் தாய் பள்ளிக்கு வருவதற்கே மகள் கூசும் இடத்தில் எங்களால் சிரிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க அம்மாக்கள் வருவார்கள். பீடி சுற்றி மஞ்சளேறிய விரல்களோடு வருகிறவர்களும் உண்டு; உப்பளத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. “அம்மா, நீங்க சிஸ்டர்ட்ட பேசாதீங்க. நான் சொல்லிக்கிடுதேன்” என்று எத்தனை முறை கையை அழுத்தியிருக்கிறோம்! எங்கள் ஆங்கிலத்துக்குப் பணம் கட்டியது அந்த விரல்களே என்பது அப்போது எங்கள் நினைவில் இல்லை. அடுத்த ஞாயிறு ஒருத்தி தன் அம்மாவைத் தானே அழைத்துப் போய்ச் சிஸ்டரின் முன் நாற்காலியில் உட்காரவைத்தாள். அம்மா அரைமணி நேரம் பேசினார். மகளுடைய குறைகளில் ஒன்றையும் விடவில்லை!

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. விடைத்தாள் கொடுக்கும் நாளில் எங்கள் மதிப்பெண்ணைவிட அவளுடைய தமிழ் மதிப்பெண்ணுக்காகவே எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. 58! அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முதலில் சிரித்தவள் அவள்தான். நிபந்தனைப்படி நாங்கள் அதற்குப் பிறகே சிரித்தோம்.

ஜனவரியில் ‘லாபதா லேடீஸ்’ (2024) பார்த்தோம். கிரண் ராவ் இயக்கியது. ஆஸ்கார் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படம். ஒரே ரயிலில் முக்காடிட்ட இரு மணப்பெண்கள் மாறிப்போகிறார்கள். ஒருத்தி புகுந்த வீட்டு ஊரின் பெயர்கூடத் தெரியாமல் ரயில் நிலையத் தேநீர்க்கடையில் வாழக் கற்றுக்கொள்கிறாள். இன்னொருத்தி படிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையை முக்காட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். அரசுத் தேர்வு முடிந்ததும் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் எங்களுள் சிலருக்கும் இருப்பதால், அந்தப் பெண் கல்லூரிக்குப் புறப்படும்போது கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. இந்தி எங்களுக்கு இன்னும் தெரியாது. ஆனால் இப்போது அவளுக்கு ஒரு நொடி பிந்திச் சிரிப்பதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. புரியாவிட்டால் கேட்கிறோம், அவள் படத்தை நிறுத்தி விளக்குகிறாள். படம் மூன்று மணி நேரத்துக்குப் பதில் நான்கு மணி நேரம் ஓடுகிறது. சிஸ்டர்தாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

சென்ற வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை எங்கள் வகுப்புக்கு வந்தது. வாசிக்கப் போனவள் அவள். நாங்கள் வரிசையில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். விளையாட்டுச் செய்தி வந்தது. ‘தங்கப் பதக்கம்’ என்ற சொல்லுக்கு முன் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு தெளிவாக, அழகாக, நம் பாட்டிமார் சொல்வதுபோலவே சொன்னாள். சொல்லிவிட்டுத் தாளுக்கு மேலாக எங்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

மதர் முன்னால் நின்றதால் நாங்கள் சிரிக்கவில்லை. வகுப்புக்கு வந்து சேர்ந்ததும் சிரித்துத் தீர்த்தோம். அவளையும் சேர்த்து நாங்கள் பன்னிரண்டு பேர். அவளுக்கு இப்போது பட்டப்பெயர் எதுவும் கிடையாது. திருமுழுக்கில் வைத்த பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். வாசகத் தோழியரே, இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம்தான் முதலில் படித்துக் காட்டினோம். இரண்டு இடங்களில் எழுத்துப்பிழை திருத்தினாள்!

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, விடுதி மாணவி